பித்தளை ருசி

அப்பலாச்சாரிக்கு எழுபத்து மூன்று வயதில், உளுந்துக்குள் கிடந்த கல் மறுபடியும் தெரிந்தது.

அதற்கு முன் இரண்டு வருடமாக அவர் எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறுப்பு உட்கார்ந்திருந்தது. எதிரே ஆள் வந்தால் காது தெரியும், தோள் தெரியும், முகம் இருக்காது. குரலை வைத்துத்தான் யாரென்று சொல்வார். விழித்திரையின் நடுப்பகுதி வயதில் தேய்ந்துவிட்டது, இதற்கு வைத்தியம் கிடையாது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆலங்கரைப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இளவயதிலிருந்து சமைத்தவர் அவர். ஒரு நாள் பொங்கலில் விறகுச் சிராய் கிடந்தது. இன்னொரு நாள் பித்தளை உருளியின் விளிம்பு என்று நினைத்து, கொதிக்கிற புளியிலேயே கையை வைத்துவிட்டார். ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று தர்மகர்த்தாக்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கூப்பிட்டால் மட்டும் சாப்பிட வந்தார்.

அப்போதுதான் சொட்டு வந்தது.

ஒரு கம்பெனி கண்டுபிடித்து, அரசாங்கம் வாங்கி, அறுபது தாண்டியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கண் மருந்து அது. அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆலங்கரையில் யாருக்கும் அது வாயில் நுழையாததால் சொட்டு என்றே சொன்னார்கள். வீடு வீடாகப் போய் அதைப் போடும் வேலை அப்பலாச்சாரியின் மகள் வேதவல்லிக்குக் கிடைத்தது. கணவன் மஸ்கட்டில் இருந்ததால், அவள் ஐந்து வயது மகள் கோதையோடு அப்பா வீட்டில் இருந்தாள். முதல் சொட்டை அவள் அப்பாவுக்குத்தான் போட்டாள்.

"அண்ணாந்து பாருங்கோப்பா. சிமிட்டாதேங்கோ."

"என்னடி இப்படி எரியறது! மிளகாயை அரைச்சு ஊத்தறயா?"

"செத்த நேரம்தான். அப்புறம் குளுகுளுன்னு ஆயிடும்."

"உள்ள என்னத்தைப் போடறே, அதைச் சொல்லு."

"புதுசா ஒண்ணும் போடல. நம்ம உடம்புல துத்தநாகம் இருக்காம். எலும்புல, தோல்ல, நாக்குல, எல்லா எடத்துலயும் துளித்துளியா. கண்ணுக்குப் பின்பக்கம்தான் அது நெறைய வேணுமாம். வயசானா அங்க வத்திப்போயிடறது. இந்தச் சொட்டு மத்த எடத்துல இருக்கறதைக் கண்ணுக்குக் கூப்பிடும்."

"மத்த எடம்னா?"

"எங்க தேவையில்லையோ அங்கேர்ந்து."

அப்பலாச்சாரி கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "உடம்புல தேவையில்லாத எடம்னு பெருமாள் ஒண்ணு வெச்சிருக்காரா என்ன? எனக்குத் தெரியாம போச்சே."

ஒரு மாதத்தில் அந்தக் கறுப்பு சுருங்கி மிளகளவு ஆனது. பிறகு அதுவும் இல்லை. ஒரு காலை கோதையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். "இவளுக்கு மூக்குமேல மச்சம் இருக்கே! சொல்லவே இல்லையே நீ," என்றார். வேதவல்லி உள்ளே போய் அழுதாள். அடுத்த வாரமே அவர் மடப்பள்ளிக்குத் திரும்பினார்.

சொட்டு போட்டவர்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. தலைவலி உண்டா, தூக்கம் வருகிறதா, சாப்பாட்டின் ருசியில் மாற்றம் தெரிகிறதா. அப்பாவிடம் கடைசிக் கேள்வியை அவள் கேட்டபோது அவர் கோபப்பட்டார்.

"யார்கிட்ட என்ன கேக்கறதுன்னு இல்லையா? நான் என்னிக்குடி தளிகையை ருசி பார்த்திருக்கேன்?"

அது உண்மை. பெருமாளுக்குப் படைக்கும் முன் சமையலை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. வாசனைகூட முதலில் அவருக்குத்தான் என்று, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் அப்பலாச்சாரி சமைப்பார். உப்பையும் புளியையும் கை அளவிலேயே போடுவார். படைத்து முடித்து அது பிரசாதமானபின் சாப்பிடுவார். ஆனால் பிரசாதத்துக்குக் குறை சொல்வது பாவம். மடப்பள்ளியில் இருக்கும் நாட்களில் வேறு எதையும் அவர் சாப்பிடுவதும் இல்லை. எனவே ருசி என்ற ஒன்றைப் பற்றி அவர் யோசித்தே பல வருடம் ஆகியிருந்தது.

மாற்றம் இல்லை என்று வேதவல்லி குறித்துக்கொண்டாள்.

ஆலங்கரையில் கிழவர்கள் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் பக்தவத்சலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஆற்றின் எதிர்க்கரையில் போகும் லாரியின் நம்பரைப் படித்துக் காட்டினார். தனபாக்கியம் டீச்சர் தன் எண்பதாவது வயதில் ஊசியில் நூல் கோத்தார். எல்லோருடைய கண்ணிலும் ஒரு மினுக்கு வந்திருந்தது. விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் பட்டால் மட்டும் தெரியும், மெல்லிய தகடு ஒட்டிய மாதிரி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாலையில் தெருவில் நடக்கும்போது வாசலுக்கு வாசல் அந்த மினுக்குத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது வேதவல்லிக்கு ஏனோ பிடிக்கவில்லை.

கூடவே வீடுகளில் சண்டையும் வந்தது.

"எங்க மருமக சாம்பாருல உப்பே போடுறதில்ல. கேட்டா, 'போட்டிருக்கேன் அத்தை, இதுக்குமேல போட்டா கடல் தண்ணிதான்'ங்குறா," என்று டீச்சர் புகார் சொன்னார்.

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்," என்றார் பக்தவத்சலம். "காப்பி வெந்நி மாதிரி இருக்குது. பழைய கைப்பக்குவம் யாருக்கும் இல்ல. நல்லவேளை, கோயில் புளியோதரை இருக்கு."

"அது வேற! வாயில வெச்சா அப்படியே சுர்ருன்னு ஏறுதே."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அப்பலாச்சாரி திரும்பி வந்தபின் புளியோதரைக்கு ஒரு தனி ருசி வந்துவிட்டது என்று. உச்சிகால பூஜைக்கு முன்பே கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். வாழை இலைத் துண்டில் வாங்கி, பிராகாரத்திலேயே உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து இலையை நக்கிய ஒரு பெரியவரை வேதவல்லி தன் கண்ணால் பார்த்தாள். அவர் வங்கி மேனேஜராக இருந்தவர்.

கோதை அதைத் துப்பினாள்.

"வேண்டாம்மா. கசக்கறது."

"பிரசாதத்தைத் துப்பாதே! கன்னத்துல போட்டுக்கோ."

"சில்லறையை வாயில போட்டுண்டா மாதிரி இருக்கும்மா."

வேதவல்லி ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள். குழந்தை சொன்னது சரிதான். புளிப்புக்குப் பின்னால் ஒரு உலோகக் கசப்பு இருந்தது. நாக்கின் ஓரத்தில் அது வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்பா, புளியோதரை கொஞ்சம் ஒரு மாதிரியா..."

"என்ன ஒரு மாதிரி?"

"கசக்கறாப்பல இருக்கு."

"ஊரே கொண்டாடறது. உனக்கும் உன் பொண்ணுக்கும் மட்டும் கசக்கறதா?" அவர் அவளை நேராகப் பார்த்தார். முன்பு அந்தப் பார்வை அவள் தோளிலோ காதிலோ நின்றுவிடும். இப்போது முகத்தைவிட்டு நகரவில்லை. "பிரசாதத்துக்கு ருசி சொல்ற அளவுக்கு நாம பெரியவா ஆயிட்டமா வேதா? குழந்தைக்கு அதையா கத்துக்கொடுக்கறே?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து, அப்பா தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவரும் புளியோதரையைக் கோதைக்கு அவளே உருட்டி ஊட்டினாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுங்கப் பழகிக்கொண்டது. முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டும்.

மழைக்காலம் தொடங்கியபோது கோதை சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். வயிறு உப்பியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பஸ் பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடினார்கள்.

குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் ஷெரின் சின்ன வயதுப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு முறை பார்த்தாள்.

"ஆலங்கரையா நீங்க? உங்க ஊர்லேருந்து இது நாலாவது குழந்தை."

"மஞ்சக்காமாலை பரவறதா டாக்டர்?"

"காமாலை இல்லம்மா. கல்லீரல் முழுக்க செம்பு. முன்னாடி ஈயம் பூசாத பித்தளையில பால் காய்ச்சிக் கொடுத்த வீடுகள்ல கைக்குழந்தைகளுக்கு இப்படி வரும்னு படிச்சிருக்கேன். எவர்சில்வர் வந்தப்புறம் நான் பார்த்ததே இல்ல. புளிப்பான சாப்பாடு எதையாவது பித்தளையில சமைக்கிறீங்களா?"

"கோயில்ல," என்றாள் வேதவல்லி. "ஆனா அது ஈயம் பூசின உருளி. எப்பவும் அதுலதான் பண்ணுவா."

"ஈயம் தேய்ஞ்சிருக்கும். பெரியவங்க சாப்பிட்டா ருசியிலயே தெரிஞ்சிருக்குமே? வாயில வைக்க முடியாதே?"

"அவாளுக்குப் பிடிச்சிருக்கு டாக்டர். வரிசையில நின்னு சாப்பிடறா."

ஷெரின் பேனாவை மூடினாள். "அவங்க எல்லாரும் சொட்டு போடறவங்களா?"

"நான்தான் போடறேன்."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நாக்குல ருசி தெரியறதுக்கும் மூக்குல வாசனை தெரியறதுக்கும் துத்தநாகம் வேணும். உங்க சொட்டு அதையெல்லாம் உருவிக் கண்ணுக்குக் கொண்டுபோயிடுது. அவங்க நாக்கு செத்துப்போச்சு. பித்தளைன்னா என்ன? செம்பும் துத்தநாகமும். புளியில அது கரைஞ்சு நாக்குல படும்போது கொஞ்ச நேரம் உயிர் வருது. அதுக்காகத்தான் வரிசையில நிக்கிறாங்க. ருசிக்காக இல்ல, பசி அது. உடம்போட பசி."

"அப்ப துத்தநாக மாத்திரை கொடுத்தா?"

"இங்க பெரியவங்க வார்டுல கொடுத்துப் பார்த்தாச்சு. வயித்துல போறது எல்லாம் கண்ணுக்குத்தான் போகுது. நாக்குக்கு நிக்கறதில்ல. செம்பைப் பெரியவங்க கல்லீரல் ஓரளவு தாங்கும். குழந்தைங்களுக்குத் தாங்காது." அவள் குரலைத் தணித்தாள். "இனிமே ஒரு பருக்கைகூட இவ வாய்க்குப் போகக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா நான் ஒண்ணும் செய்ய முடிஞ்சிருக்காது."

கட்டிலில் கிடந்த கோதை, அம்மாவைப் பார்த்ததும் பழக்கத்தில் வாயைத் திறந்து காட்டினாள்.

பக்கத்துக் கட்டில்காரியிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேதவல்லி ஊருக்கு வந்தாள். பஸ்ஸில் அவள் மனதில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பாவம், அப்பாவுக்குத் தெரியாது. ருசி பார்க்காதவர், மூக்கைக் கட்டிக்கொண்டு சமைப்பவர், அவருக்கு எப்படித் தெரியும்? கோயில் வாசலில் செருப்பை விட்டபோதுதான் இன்னொன்று தோன்றியது. ஈயம் போனால் அது கண்ணுக்குத் தெரியும். வெள்ளை தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

அப்பாவுக்கோ இப்போது எல்லாம் தெரியும்.

மடப்பள்ளிக்குள் அவள் நுழையக் கூடாது. நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே அப்பலாச்சாரி, முகத்தில் துணியோடு, புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்பா. உருளியைக் காலி பண்ணிட்டுச் சாய்ச்சுக் காட்டுங்கோ."

"குழந்தை எப்படி இருக்கா?"

"காட்டுங்கோப்பா."

அவர் காட்டவில்லை. கரண்டியை விளிம்பில் தட்டி வைத்தார். அப்போது புளி வழிந்த இடத்தில் அவளுக்கே தெரிந்தது. ஈயம் துளிகூட இல்லை. தேய்ந்துபோன மாதிரியும் இல்லை. யாரோ உட்கார்ந்து சுரண்டியது போல, அடிவரை கோடு கோடாகப் பளபளத்தது.

"நீங்களா?"

அவர் முகத்துத் துணியை அவிழ்த்தார். சமைக்கும்போது அவர் அதை அவிழ்த்து அவள் பார்த்ததே இல்லை.

"மொதல்ல தானா தேய்ஞ்சதுதான். பார்த்தேன். ஈயம் பூச ஆள் சொல்லணும்னு நெனச்சேன். அன்னிக்குப் பிரசாதம் வாயில வெச்சப்போ... எப்படிடி சொல்லுவேன் உன்கிட்ட? சாதம், பால், தயிர் எல்லாம் மண்ணு மாதிரி ஆயிடுத்துன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் தெரியல. ஒண்ணு ருசிச்சப்புறம்தான் மத்தது ருசிக்கலைன்னு தெரிஞ்சுது."

"அதனால சுரண்டினேளா?"

"எல்லாரும் சந்தோஷமா சாப்பிட்டா வேதா. என் கைக்கு அப்படி ஒரு பேர் வந்ததே இல்ல."

"கோதை கல்லீரல்ல செம்பு ஏறியிருக்கு. செத்துப்போயிருப்பா."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். புளி அடிப்பிடித்துப் புகைந்தது. அருகில் நின்றும் அந்த வாசனை அவரை எட்டவில்லை. வேதவல்லிதான் "அடுப்பு, அடுப்பு" என்று கத்தினாள்.

அன்றே அவர் அவளோடு தஞ்சாவூருக்கு வந்தார். கோதையின் காலடியில் உட்கார்ந்து, ஷெரினிடம் கேட்டார்.

"சொட்டை நிறுத்தினா நாக்கு வந்துடுமா?"

"வந்துரும் பெரியவரே. ஆனா கண்ணுல இருக்கறது போயிடும். பழையபடி கறுப்பு வரும். அப்புறம் திரும்பப் போட்டாலும் பிடிக்காது."

"பரவால்ல. எனக்கு நிறுத்திடுங்கோ." பிறகு அவர் கோதையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸ் வந்து எழுப்பும்வரை.

தர்மகர்த்தாக்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஈயம் பூச வேண்டும், இல்லாவிட்டால் உருளியை மாற்ற வேண்டும் என்று அப்பலாச்சாரி எழுந்து நின்று சொன்னார். தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் வேதவல்லிக்குப் பயமாக இருந்தது.

பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார். "சாமி, நீங்க சொல்றது புரியுது. குழந்தைங்களுக்கு ஆகாதுன்னா குழந்தைங்களுக்குக் கொடுக்க வேணாம். அவ்வளவுதானே? அதுக்கு எதுக்குப் பாத்திரத்தை மாத்தணும்?"

"சார், இது விஷம் சார்," என்றாள் வேதவல்லி.

"அம்மாடி, எங்க வயசுல எது விஷம் இல்ல? சர்க்கரை விஷம், உப்பு விஷம், எண்ணெய் விஷம். ஒரு வாய் ருசியா சாப்பிடறோம். அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

சிலர் சிரித்தார்கள். தனபாக்கியம் டீச்சர் சிரிக்கவில்லை. "எனக்குக் கண்ணும் வேணும், நாக்கும் வேணும்," என்றார், வகுப்பில் சொல்வது போல. "ரெண்டுல ஒண்ணுதான்னு என்கிட்ட யாரும் முன்னாடியே சொல்லலியே. சொட்டு போட வந்தப்ப நீ சொன்னியா?"



பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பிரசாதம் வழங்கப்படமாட்டாது என்று மறுநாள் ஒரு பலகை வைத்தார்கள். மடப்பள்ளிக்குப் புது ஆள் வந்தார். அவரும் முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் சமைத்தார். வேதவல்லி மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டாள். ருசி குறைவது முதுமையில் இயல்பு என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு வேலை இல்லை. வேறு பெண் ஒருத்தி சொட்டுப் பையோடு தெருவில் வந்தாள்.

கோதை மெல்லத் தேறினாள். மஞ்சள் இறங்கியது. ஆனால் எதை ஊட்டினாலும் முதலில் முகர்ந்து பார்த்தாள்.

அப்பலாச்சாரியின் கண்ணில் கறுப்பு வந்து உட்கார்ந்தது. இந்த முறை அவர் சுவரைப் பார்த்து உட்காரவில்லை. நாக்கு திரும்பியிருந்தது. கோயில் வேலை போனதால் வீட்டுச் சமையலைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. அது பிரசாதம் இல்லை என்பதால், ரசத்தில் தொடங்கித் தாராளமாகக் குறை சொன்னார்.

"சாத்தமுதுல பெருங்காயம் ஜாஸ்தி. இப்படிப் பண்ணினா பெருமாள் எழுந்து ஓடிடுவார்."

"பெருமாள் சாப்பிடலை, நீங்கதான் சாப்பிடறேள். பேசாம சாப்பிடுங்கோ."

மாதங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்திருந்தவர், சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"வேதா. இங்க வா. எதிர்த்தாத்துல என்ன கொதிக்கறது?"

"குழம்பா இருக்கும். மத்தியானச் சமையல்."

"பித்தளையில கொதிக்கறது. வெத்துப் பித்தளை." அவர் மூக்கைத் திருப்பினார். "அதுக்கு அடுத்த ஆத்துலயும். கோடியாத்துலயும். நெறைய ஆத்துலேர்ந்து வரதுடி."

வேதவல்லி சமாதானமாகச் சொன்னாள். "வயசானவா அவாவாளுக்குத் தனியா வெச்சுக்கறாப்பா. எல்லாரும் பித்தளை கேட்டு வாங்கிண்டு போறான்னு பழைய பாத்திரக்காரன் சொன்னானே."

"எதிர்த்தாத்துல வயசானவா யாரு இருக்கா?"

அவள் யோசித்தாள். எதிர்வீட்டில் இருந்தவர்கள் வாடகைக்கு வந்த இந்துஜாவும் அவள் கணவனும்தான். இருவரும் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள். இந்துஜாவுக்கு முப்பதுகூட இருக்காது. இப்போதுதான் பல் முளைக்கிற பையன் ஒருத்தன் இருந்தான்.

வேதவல்லி தெருவைக் கடந்தாள். எதிர்வீட்டு கிரில் கதவு உள்ளே பூட்டியிருந்தது. இந்துஜா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தில் குழம்பு பிசைந்த சாதம்.

"இந்துஜா, குழம்பு எதுல வெச்சே?"

"வாங்கக்கா! மாமியார் கொடுத்த பித்தளைப் பாத்திரம். சும்மா பரண்ல கிடந்துச்சு. அதுல வெச்சா என்னா டேஸ்ட்டுங்கிறீங்க! மத்ததெல்லாம் சப்புனு இருக்கு."

அவள் திரும்பினாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் பட்டது. கண்ணில் அந்த மினுக்கு இருந்தது.

"நீ... நீ சொட்டு போடறியா?"

"ஆமாக்கா. ஸ்க்ரீன் பாத்துப் பாத்துக் கண்ணு எரியுதுன்னு நாங்க ரெண்டு பேருமே போடுறோம். இப்ப மெடிக்கல்லயே சும்மா கிடைக்குதே, தெரியாதா உங்களுக்கு? ஆபீஸ்ல எல்லாரும் போடுறாங்க."

"அந்தச் சாதத்தைக் கொடுக்காதே. மொதல்ல கதவைத் திற."

"இருங்கக்கா, ஒரு வாய் ஊட்டிட்டுச் சாவி எடுத்துட்டு வரேன். இவன் சாப்பிடவே மாட்டேங்குறான், காலையிலேருந்து ஒரே அடம்."

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். இந்துஜா அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு, சப்புக்கொட்டிக் காட்டினாள்.

"நல்லாத்தானேடா இருக்கு, திருட்டுப்பயலே."

"இந்துஜா!" வேதவல்லி கிரில் கம்பிகளுக்குள் கையை நுழைத்து நீட்டினாள். முழங்கைக்கு மேல் போகவில்லை.

இந்துஜா அடுத்த உருண்டையை எடுத்து, மகனின் இரண்டு கன்னத்தையும் விரல்களால் மெதுவாக அழுத்தினாள். வாய் திறந்தது.